சாய்தளத்தை இடித்த மச்சானுக்கு

வேலங்களம்,
கார்த்திகை மாதம், திங்கட்கிழமை.

'அன்புள்ள' என்று போடக் கூடாது என்று நான் முடிவு செய்த பிறகும் கைப்பழக்கத்தில் அன்புள்ள என்றே என்னால் எழுதப்பட்டுவிட்ட மச்சான் பெலிக்ஸ் அவர்களுக்கு, தங்கள் மனைவியின் ஒரே தம்பி சார்லஸ் எழுதுவது.

இதனால் கீரனூர்ப் பக்கம் குடியிருக்கும் சகலருக்கும் தண்டோரா போட்டு அறிவிப்பது யாதெனில்: தங்கள் புதல்வரும் இன்னும் பெயர் சூட்டப்படாத இளவரசருமானவர், இன்று காலை தாய்மாமனாகிய என் மடியில் படுத்தவாறே, இஸ்திரி போட்ட என் பள்ளிச் சீருடைமீது ஒன்றுக்குப் போனார். முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை. பேரூராட்சி மேற்பார்வையாளர் பெற்ற பிள்ளை, வேறு எப்படி இருக்கும்? வடிகால் வசதி மட்டும் பிரமாதம். அது அப்பா வழிச் சொத்து.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். என் எண்ணைத் தாங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். காரணம் எனக்கும் தெரியும். மாதா சிலை இருக்கும் கெபியருகே ரோட்டு வளைவில் முதல் மழைக்கு விழுந்த குழியில் தண்ணீர் நின்றதும், ஓர் அட்டையில் 'பெலிக்ஸ் ஏரி. குளிக்க, துவைக்க, மனுக் கொடுக்கத் தடை' என்று எழுதி நட்டு, படம் பிடித்துத் தங்களுக்கே அனுப்பினேன். ஊரே நின்று வாசித்துவிட்டுப் போனது. அக்கா மட்டும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, "ஏலே, படிச்சுப் படிச்சு இம்புட்டுத்தான் எழுத வருதா?" என்று கேட்டு, முந்தானையாலேயே தங்கள் பெயரை அழித்தாள். அட்டை மிஞ்சியது. ஏரி மிஞ்சியது. பெயர் மட்டும் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு பிள்ளைக்கு ஞானஸ்நானம். எங்கள் அப்பா மிக்கேல்ராஜ் அவர்களின் நிபந்தனைகள் வருமாறு. தாங்கள் கோயிலுக்கு வரலாம். அது கடவுள் வீடு. எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. இது அப்பா வீடு. பிள்ளையைக் கோயிலுக்குள் தூக்கிக்கொள்ளலாம், பந்தியில் உட்காரக் கூடாது. வீட்டு வாசல் ஏற வேண்டுமென்றால், சாய்தளத்தை இடித்ததற்காக நடுவீதியில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அக்கா கிளாராவும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருக்கிறாள். "அவரு இந்த வாசல் ஏறலைன்னா, ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட பிள்ளையத் தூக்கிட்டு நான் பஸ் ஏறிருவேன். பெறகு இந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்." இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்கள் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டோம். பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்கு அம்மா வெஞ்சனமே வைக்கவில்லை. ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தோம். ஆக, தங்களால் எங்கள் வீட்டுப் பொரியலும் பறிபோனது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

எல்லாம் புரட்டாசியில் ஆரம்பித்தது. மறந்தது போல நடிக்க வேண்டாம். மழைக்கு முன்னால் சாக்கடை வாறுகாலைத் தூர்வாருகிறேன் என்று ஜேசிபியோடு எங்கள் வீதிக்குள் நுழைந்தீர்கள். வீட்டுக்கு வீடு வாறுகாலை மூடிச் சாய்தளம் கட்டியிருந்தோம். ஏன் கட்டினோம்? ரோடு போடுகிற புண்ணியவான்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் ரோடு வளர்ந்தது, எங்கள் வீடு குள்ளமானது. வாசலை உயர்த்திவிட்டு, வண்டி ஏற என்ன செய்வதாம்? ஏணியா வைக்க முடியும்?

கிழக்குக் கோடியில் ஆரம்பித்திருக்கலாம். மேற்குக் கோடியும் அங்கேயேதான் இருந்தது. நடுவீதியில் எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, "மொதல்ல இத எடுங்கண்ணே" என்று ஜேசிபி ஓட்டும் ஆண்டிச்சாமி அண்ணனிடம் சொன்னீர்கள். மாமனார் வீட்டை விட்டுவிட்டு மற்றவர் வீட்டில் கை வைத்தால் ஊர் சும்மா இருக்காது என்பது தங்கள் நியாயம். சரி, அதை முதல் நாள் சாப்பிட வந்தபோது அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே? பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த அக்கா வைத்த மீன் குழம்பைத் தட்டு தேயும்வரை வழித்தீர்கள். அப்போது வாய்க்குள் முள்ளா மாட்டியிருந்தது?

அப்பாவுக்கு வலித்தது இடித்ததற்காக மட்டும் இல்லை. வீதியில் முக்கால்வாசிச் சாய்தளம் எங்கள் கடைச் சிமென்டில் நின்றது. மருமகன் வந்து மாமனார் சரக்கைப் பொடிப்பொடியாக்குவதை ஊரே வேடிக்கை பார்த்தது. "இந்த வாசல்ல இனிமே கால் வைக்காத" என்றார். தாங்களாவது பேசாமல் போயிருக்கலாம். "தண்ணி போக வழி விடலைன்னா நீங்களே கால் வைக்க முடியாது மாமா" என்று பதில் சொன்னீர்கள். வசனம் தெளிவாகக் கேட்கட்டும் என்று ஆண்டிச்சாமி அண்ணன் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

தங்களைத் திருத்த முடியாது என்று எனக்கு முன்பே தெரியும். மற்றவர்களுக்கு மாதம் என்றால் திருவிழா, விரதம், முகூர்த்தம். தங்களுக்கு அது ரோட்டின் ஜாதகம். தை பிறந்தால் பழனிக்கு வெறுங்காலில் நடக்கிறவர்களுக்காக ரோட்டோரத்து வேலிமுள்ளைக் கூட்ட ஆள் விடுவீர்கள். அவர்கள் முருகனைப் பார்க்கப் போகிறார்கள், நாம் வேளாங்கண்ணிக்குப் போகிறோம், முள்ளுக்கு மட்டும் மதம் கிடையாது என்று ஒரு பிரசங்கம் வேறு. மாசியில் கொள்ளும் சோளமும் ரோட்டில் காயப்போடுகிறவர்களோடு மல்லுக்கட்டு. காயப்போடுவதற்குக்கூட இல்லை, காவலுக்கு வைத்த கல்லை அள்ளாமல் போகிறார்களே என்று. பங்குனி, சித்திரை வெயிலில் குழி அடைப்பு. வட்டமாகக் கிடக்கும் குழியை எதற்கு மெனக்கெட்டுச் சதுரமாக வெட்டுகிறீர்கள் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். ஓரம் செங்குத்தாக இருந்தால்தான் ஒட்டு நிற்கும், தூசியைக் கூட்டி, தார் தெளித்து, பிறகுதான் ஜல்லி என்று என் ஐஸ்கிரீம் உருகி ஓடும்வரை பாடம் நடத்தினீர்கள். ஆடிக் காற்றில் விழுந்த கிளை. புரட்டாசியில் வாறுகால். ஐப்பசி, கார்த்திகையில் தாரையே தொடக் கூடாது, ஈரத்தில் ஒட்டாது, கிராவலும் ஜல்லியும் போட்டு ஒப்பேற்றிவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னவர் தாங்கள். "தாரு வெயிலத் தாங்கும், லாரியத் தாங்கும். நின்ன தண்ணியத்தான் தாங்காது" என்று கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள். அன்றைக்கே நாங்கள் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். அக்கா சிரித்துவிட்டாள், அதுதான் வினை.

இப்போது எங்கள் வீரப் பிரதாபத்தைக் கேளுங்கள். இடித்த அடுத்த வாரமே தங்களுக்குக் கீரனூருக்கு மாற்றல் வந்தது. முறைப்படி வந்த மாற்றல்தான், இருந்தாலும் நான் சரவெடி கொளுத்தினேன். மறுநாளே திட்டம் தீட்டினேன். வடிவமைப்பு நான். கலவை என் வகுப்பு கிதர் முகம்மது. சிமென்ட் அப்பா. பழையதைவிட உயரமாக, பழையதைவிட அகலமாக, வீதியிலேயே பெரிய சாய்தளம் எங்கள் வீட்டு வாசலில் எழுந்தது. வாறுகாலை நாங்கள் மறிக்கவில்லை, அடியில் ஒரு பைப் விட்டோம். எங்களுக்கும் விஞ்ஞானம் தெரியும். அதைப் பார்த்து எதிர் வீடு கட்டியது, பக்கத்து வீடு கட்டியது. ஐப்பசி பிறப்பதற்குள் தாங்கள் இடித்த அத்தனையும் முளைத்துவிட்டன. அப்பா வெகுநாளைக்குப் பிறகு என் முதுகில் தட்டி, "காலேஜு போகாமயே இன்ஜினியர் ஆயிட்டான்டி ஓம் மவன்" என்று அம்மாவிடம் சொன்னார். தங்களைப் பற்றி அப்படி ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாரா?

தங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சிவபிரகாஷ் சார் தங்கமான மனிதர். யாருடைய சாய்தளத்தையும் ஏன் என்று கேட்பதில்லை. எதிரே வந்தால் அவரே வணக்கம் வைக்கிறார். கொட்டுகிற மழையில் கெபி வளைவுக் குழியில் ஒரு டிராக்டர் செம்மண்ணைக் கொட்டினார். சாயங்காலத்துக்குள் அது கேப்பைக் களியாகிவிட்டது. பூ விற்கும் செபஸ்தியம்மாள் அக்கா கூடையோடு அதில் சறுக்கி விழுந்தார். சேற்றில் உட்கார்ந்தபடி அவர் தங்களைத் திட்டினார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் சொன்னது, "அந்த வீணாப்போன பெலிக்ஸ் தம்பி இருந்திருந்தா நாலு கல்லாவது போட்டு அமுக்கியிருப்பான்." 'வீணாப்போன' என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவும்.

கடிதத்தை இந்த இடத்தில் முடித்தால் கெத்தாக இருக்கும். முடிக்கத்தான் போனேன். அக்கா தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "செவ்வாக்கிழமை கதைய யாருலே எழுதுவா?" என்கிறாள். போனில் அவள் தங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். "கட்டுனவன் எவனோ அவனே சொல்லட்டும்" என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சொல்கிறேன். சிரிக்காமல் வாசிக்கவும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிடித்தது மழை. என் விஞ்ஞானப் பைப்பில் வாடிய சம்பங்கியும் ஒரு தேங்காய் மட்டையும் போய்ச் செருகிக்கொண்டன. வீதியிலேயே பெரிது என்று பெருமைப்பட்ட என் சாய்தளம் அணைக்கட்டு மாதிரி நின்று, மேட்டிலிருந்து வந்த தண்ணீரை அப்படியே எங்கள் வாசலுக்குத் திருப்பியது. கூடத்துக்குள் சாக்கடையும் மழையும் சேர்ந்து வந்தன. நான் வாளியால் அள்ளி வெளியே ஊற்றினேன். ஊற்றியதெல்லாம் என்னோடு போட்டி போட்டுக்கொண்டு உள்ளே வந்தது. தொட்டில் சேலையின் அடி நனைந்ததும் அக்கா பிள்ளையை வாரிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றாள். அங்கிருந்து, "அப்பா, அவரு இருந்தா இந்நேரம் இடிச்சிருப்பாரு!" என்று கத்தினாள். அவள் அப்பாவிடம் கத்தி நான் பார்த்தது அன்றுதான்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து கிதர் வீட்டுச் சம்மட்டியை வாங்கி வந்தார். முதல் அடியை அவரே போட்டார். நான் கடப்பாரையால் நெம்பினேன். நான் கட்டியதாக இருந்ததால் சீக்கிரமே உடைந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் குபுகுபுவென்று வாறுகாலில் இறங்கிப் போனது. எதிர் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய் அவர் வீட்டுக் கடப்பாரையை எடுத்து வந்தார்.

இப்போது எங்கள் வாசலில் ஒரு பலகை கிடக்கிறது. வேண்டும்போது தூக்கி, வாறுகாலைக் கூட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அப்பா போட்டது. நேற்று அதன்மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஏலே, உங்க மச்சான் வண்டி என்ன கனம் இருக்கும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எழுதிக் கேளு" என்றார்.

இந்தக் கடிதம் எழுத அப்பா சொன்னது அவ்வளவுதான் மச்சான். மேலே கண்ட நிபந்தனைகள் ஞானஸ்நானப் பேச்சு எடுத்த அன்றைக்குச் சொன்னவை. மழைக்குப் பிறகு அவர் அதில் ஒன்றையும் வாயால் சொல்லவில்லை. தோற்றுப்போனவன் மாதிரி எழுத வெட்கமாக இருந்தது. அதனால் பழசையே புதுசு போல எடுத்துவிட்டேன். அக்கா சொன்னது மட்டும் சொன்னபடி அப்படியே இருக்கிறது. சட்டைகளை மடித்துப் பையிலும் வைத்துவிட்டாள்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நேராகப் போய்விடாதீர்கள். பூசை மணி அடிக்கும் முன்னே வீட்டுக்கு வந்துவிடுங்கள். வண்டியின் கனத்தை எழுத வேண்டாம், அப்பா பார்க்க ஏற்றியே காட்டுங்கள். பலகை ஒரு பக்கம் லேசாக ஆடுகிறது. அதற்கு எங்கே கல் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அப்பாவும் தெரியாதது போல இருக்கிறார்.

வரும் வழியெல்லாம் மாதா தங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சினன்,
சார்லஸ்.