மிழலைக்குக் கோபம் வராது

பதிவு 1. 2041 பிப்ரவரி 4, காலை 10.10
இந்தக் கணினியைப் பின்னாளில் யார் திறந்தாலும் சரி, தெரிந்துகொள்ளுங்கள்: இது பாளையங்கோட்டையில் இரண்டே பேர் நடத்தும் ஒலிக்கூடம். நான் டேவிட்சன். கூட்டாளி முபாரக். வரியும் மெட்டும் கொடுத்தால் பாடும் மென்பொருள் குரல்கள் செய்கிறோம். நான்காவது குரலின் பெயர் மிழலை. குரல் கொடுப்பவள் என் அக்கா எஸ்தர். தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசை.
பதினோரு நாளில் 2,312 அசைகள் பதிவாயின. எங்கள் வழக்கம் கறாரானது. மூச்சுச் சத்தம், கரகரப்பு, பிசிறு எதுவும் தங்கக் கூடாது. சிரித்த முகத்தோடு பாடிய துண்டுகளே தேறும். தேறாதவற்றை வெள்ளிதோறும் அழித்துவிடுவோம். நான் எதைத் தேர்கிறேன் என்று பார்த்து மென்பொருளும் கற்றுக்கொள்கிறது. அக்காவுக்குத்தான் பொறுமை இல்லை. "ஏல, நான் பாடுதேனா, ஒனக்கு அரிசியில கல்லு பொறுக்குதேனா?"

பதிவு 2. மார்ச் 19, மாலை 4.35
பதிவின்போது அக்காவுக்கு இருந்த கரகரப்பு சளியால் வந்ததல்ல. குரல்வளையில் புற்று. ஒன்பது நாளில் அறுவை, குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு.
முபாரக் ஒரு கழுத்துப்பட்டை செய்கிறான். தசைத் துடிப்பைப் படித்து, அவள் சொல்ல முயல்வதை மிழலையின் குரலில் ஒலிக்கும். பொத்தானை அழுத்தினால் என் போனுக்கு அழைப்பும் வரும்.
அக்கா கேட்டாள்: "இன்னும் நாலு நாளு பேசிப் பதிஞ்சு வச்சிரட்டுமால? திட்டுறது, அழுறது எல்லாம்." வேண்டாம் என்றேன். இந்தத் தொண்டையோடு பதிந்தால் சுத்தமான கோப்பு கெட்டுப்போகும். நான் சொன்னது சரிதான்.

பதிவு 3. ஏப்ரல் 16, பகல் 12.05
பட்டை வேலை செய்கிறது. முதல் சொல்: "தம்பி." முபாரக் வெளியே போய் நின்றுகொண்டான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பதிவு 4. மே 2, காலை 11.40
சிக்கல். சுற்றுவழியில் போன ஆட்டோக்காரரை அக்கா திட்டியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, "பாட்டு டீச்சராம்மா?" என்றாராம். மருத்துவமனையில் வலி என்று சொன்னதற்கு, "எவ்வளவு அழகா சொல்லுதாங்க" என்று செவிலியர் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார்.
"ஏல, எனக்குக் கோவம் வருதுல. வெளிய வர மாட்டேங்கு." அதையும் தேனொழுகச் சொன்னாள். என்னை மீறிச் சிரித்துவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பதிவு 5. மே 9, காலை 9.15
ஒரு வாரமாக இதே வேலை. கரகரப்பைச் செயற்கையாகச் செய்து ஆறு முறை சேர்த்தேன். ஆறு முறையும் மென்பொருள் பழுது என்று நீக்கிவிட்டது. என்னிடம் கற்றதுதானே. அக்காவின் பழைய பிசிறுகள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட நான் தவறவிடவில்லை.
முபாரக் சொல்கிறான்: "மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து கத்துக் குடுப்போம் மாப்ள. ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் அக்கா கையில ஒரு கைமணியும் சிலேட்டும் குடு." நான் ஒப்பவில்லை. அக்காவை ஊமையாகப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

பதிவு 6. மே 14, பகல் 2.20
அக்காவின் பட்டையிலிருந்து அழைப்பு. சொல் எதுவும் இல்லை. நீண்ட “ஆ” மட்டும். ஏறுகிறது, உச்சியில் அசையாமல் நிற்கிறது, இறங்கி மறுபடி ஏறுகிறது. அக்கா பாடுகிறாள். அறுவைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஒலிபெருக்கியில் போட்டு முபாரக்கையும் கூப்பிட்டேன். பதிவு ஓடுகிறது. என் மேல் இருந்த கோபம் தணிந்துவிட்டது போல. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

பதிவு 7. மே 14, மாலை 5.50
கழுத்துத் துளையைச் சளி அடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.
பட்டையில் பதிவான அசல் தசைத் துடிப்பை இப்போதுதான் திறந்தேன். நான் பார்த்த அளவுகள் எதிலும் அடங்காத அலறல். ஒவ்வொரு அலறலுக்கும் மென்பொருள் பொருத்தமான அசை ஒன்றைத் தேடி எடுத்து

பதிவு 8. மே 17, நேரம் பார்க்கவில்லை
அழைப்பைப் பதிந்த கோப்பின் நீளம் நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. முப்பது தடவைக்கு மேல் கேட்டாயிற்று. அவள் பயந்த இடம் எது என்று தேடுகிறேன். கிடைக்கவில்லை. என் காதுக்கு அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.
முபாரக் வருவதில்லை. போனை எடுப்பதில்லை.
பதிவில் என் சத்தமும் விழுந்திருக்கிறது. மூன்றாம் நிமிடத்திலிருந்து மேசையில் தாளம் போடுகிறேன். அழைப்பு இரண்டு பக்கமும் திறந்துதான் இருந்தது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும்.
"நல்லா இருக்குக்கா. நிறுத்தாத."