மலைப்பக்கம் திருப்பினீர்கள்

அண்ணன்,

இன்று காலை மடுல்கெல்லவிலிருந்து இறங்கும்போது, பிரேக் சூடேறிய வாடை பஸ்ஸுக்குள் வந்தது. டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் ஆசனத்தைப் பார்த்தேன். அங்கே இப்போது வேறொருவர். ஒன்பது வருடம் நீங்கள் ஓட்ட, நான் கண்டக்டராக, இந்த வாடையோடுதான் வத்தேகமவுக்குப் போய்வந்தோம்.

பலாமரத்தடி வளைவு உங்களுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஓரத்தில் தடுப்பு கிடையாது. மழை பெய்தால் தார் வழுக்கும். அங்கே ஓர் ஆட்டோ பள்ளத்தில் விழுந்து தாயும் மகளும் செத்தபோது எல்லோரும் விதி என்றார்கள். நீங்கள் மட்டும், "விதியும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி. அங்க நாலு இரும்புத் தூண் இல்ல, அதான்" என்றீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, நான் சிங்களத்தில் மனு எழுதினேன். வீதி அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று முறை.

பிறகு அந்த மழைக்காலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளால் பஸ் நிறைந்திருந்தது. வளைவில் எதிரே வந்த லொறிக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினீர்கள். லொறி போய்விட்டது. பஸ்ஸின் இடது முன் சில்லுக்கடியில் மண் சரிந்தது. "கெட்டியா புடிச்சுக்குங்க" என்று கத்தியபடி ஸ்டியரிங்கை வலப்புறம், மலைப்பக்கம், முழுதாகத் திருப்பினீர்கள். அது நீங்கள் இருந்த பக்கம். பாறையில் மோதியது உங்கள் கதவு. பிள்ளைகள் எல்லோரும் அழுதுகொண்டே இறங்கினார்கள். நீங்கள் இறங்கவில்லை.

மறுவாரம் பொலிஸில் என் வாக்குமூலத்தை வாசித்தார்கள். 'சாரதியின் கவனயீனம்' என்று இருந்தது. நான் சொல்லாத வார்த்தை. கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன்.

"செத்தவருக்கு இனி என்ன?" என்றார் உத்தியோகத்தர்.

"அவருக்கு வீட்டுல பொஞ்சாதி புள்ளைங்க இருக்காங்க சார்."

மாலைவரை காக்க வைத்தார்கள். காத்திருந்தேன். கடைசியில் என் வாக்குமூலத்தை நான் சொன்னபடியே திருத்தினார்கள். ஆனால் விபத்து அறிக்கையில் அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது.

வளைவில் உங்கள் படத்தை வைத்து ஒரு மாடம் கட்டலாம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேச்சு எழுந்தது. அண்ணி மறுத்துவிட்டார். "அவர கும்பிட வேணாம். அங்க தடுப்புக் கம்பி போடச் சொல்லுங்க."

அண்ணியும், அந்தப் பிள்ளைகளின் தாய்மாரும், நானும் வாராவாரம் வீதி அலுவலகத்துக்குப் போனோம். தொல்லை தாங்காமல் பொறியியலாளர் எங்கள் பஸ்ஸில் வர ஒப்புக்கொண்டார். மழை நாளாகப் பார்த்து, முன் ஆசனத்தில் இருத்தினேன். வளைவில் அவர் இரண்டு கையாலும் முன்னாலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல தெனமும் புள்ளைங்க போகுதுங்க சார்" என்றார் அண்ணி, பின்னாலிருந்து.

பிறகு தடுப்பு வந்தது, அண்ணன். வழுக்காத தாரும் போட்டார்கள். போன மாதம் ஒரு வேன் சறுக்கி அந்தத் தடுப்பில் முட்டி நின்றது. ஓட்டியவர் இறங்கி, பின்னால் நின்ற எங்கள் பஸ்ஸுக்கு வந்து, என் போத்தலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

என் பையில் இப்போது இரண்டு மனுக்கள். ஒன்று, கீழே இன்னும் தடுப்பில்லாத இரண்டு வளைவுகளுக்கு. மற்றது, உங்கள் பெயருக்குப் பக்கத்திலிருந்து அந்த வார்த்தையை எடுக்க. நேற்று வீதி அலுவலகத்தில் என்னைக் கண்டதும், "அந்த வளைவுதான் சரியாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டார்கள்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.