கேட்காத காதுப் பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கண்புரை எடுத்து மூன்று வாரமாகிறது, இப்போது பேப்பரை விளம்பரம் உட்பட சத்தமாக வாசித்து என் உயிரை வாங்குகிறார். தங்கச்சிக்கு வேறு கிளைக்கு மாற்றல், தினமும் இரண்டு பஸ், வீட்டுக்கு வந்ததும் எரிந்து விழுகிறாள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண் பேசுகிற விதத்தை மற்றவர்கள் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள், அடுத்த மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுந்து அவளுக்காகக் கேட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் நான் செய்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை, அப்பாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, கிருமி போக ஆவியில் வைக்கிற அறைதான் என் அறை என்று உனக்குத் தெரியும். அங்கே என் பக்கத்தில் உட்காருகிற அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எதைச் சொன்னாலும் ஒருமுறை "ஆங்?" என்பார், அதையே பட்டப்பெயராக்கிவிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், இனி மாட்டேன். போன மாதம் ஒருநாள் டாக்டர் ஒரு பெரிய இடுக்கி கூடுதலாகக் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் வாயில் முகமூடியோடு, முதுகைக் காட்டிக்கொண்டு, ஆவி சீறுகிற மெஷின் பக்கம் நின்று அதைச் சொன்னார். எனக்குக் கேட்டது, அந்தத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கவில்லை. நோயாளியை மேசையில் படுக்கவைத்துவிட்டு இடுக்கிக்காக அரைமணி காத்திருந்தார்கள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. விசாரணையில் சூப்பர்வைசர், நான் சொன்னேன், இவங்கதான் காதில் வாங்கவில்லை என்றார். அக்காவைத் துணி மடிக்கிற பிரிவுக்கு மாற்றுவதாகப் பேச்சு வந்தது. பதினொரு வருஷமாக ஒரு ஊசிகூடக் குறையாமல் எண்ணிய கை அது. நான் அங்கேயே நின்றேன், வாய் திறக்கவில்லை.

மறுநாள் வீராப்பாகத் தனியாகப் போய் மேட்ரனிடம், அந்தம்மாவுக்குக் காது கேட்காது, பாவம், கொஞ்சம் இரக்கப்பட்டு விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு எனக்கு. மேட்ரன் அக்காவைக் கூப்பிட்டு, குறையை மறைத்தா வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அக்கா திரும்பி வந்து கையுறையை மாட்டிக்கொண்டார். சத்தம் போடவில்லை. "எனக்காகப் பேசினீங்க, சரி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, "ஆறு வருஷமா என்னோட கேக்காத காதுப் பக்கந்தான் உக்காந்திருக்கீங்க. அதுகூடத் தெரியாதுல்ல?" என்றார். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் என்ன செய்யட்டும் என்று அப்போதுதான் கேட்டேன். நானே பேசிக்கொள்கிறேன், நீங்கள் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்றார். இருவரும் மேட்ரனிடம் போனோம். அக்கா தனக்கு வேண்டியதைத் தானே சொன்னார், முகம் பார்த்துப் பேசுங்கள், தட்டில் மாற்றம் இருந்தால் பலகையில் எழுதுங்கள், இரக்கம் வேண்டாம் என்று. சூப்பர்வைசர் திரும்பி நின்று பேசினார் என்று நான் சொன்னேன், அவ்வளவுதான். மாற்றல் நின்றது, பலகையும் வந்தது. சூப்பர்வைசர் இன்னும் என்னைப் பார்த்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறார், போகட்டும். அக்காவும் என்னோடு அளந்துதான் பேசுகிறார், அதில் எனக்குக் குறையில்லை.

நீ மீட்டிங்கில் எழுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போய், நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று கேள். ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் கேட்டுக்கொள். ஆனால் யாராவது நடித்துக் காட்டும்போது நீ சிரிக்காதே, அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நான் போன திங்களிலிருந்து ஸ்டூலை எடுத்து அக்காவின் வலப்பக்கம், கேட்கிற காதுப் பக்கம் போட்டுக்கொண்டேன். அவர் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

நீ எழுதியிருந்த பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா