நீங்கள் மறுக்காத தேநீர்

ஃபாதர்,

சிதம்பரம் தெற்கு வீதியில் மாத்திரை வாங்கப் போன கடையின் வாசலில், சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்யும் மெத்தென்ற கறுப்புச் செருப்புகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். புது ரப்பரின் வாடை. சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மருத்துவர் எழுதிக்கொடுத்தும் நீங்கள் அதை வாங்கவில்லை. "அதப் போட்டா சாமிக்கு சுகர்னு காலனிக்கே தெரிஞ்சிடும் சார்" என்றீர்கள்.

கடலூரில் சுனாமி அலை வந்துபோன வாரத்தில்தான் உங்களை முதலில் பார்த்தேன். செய்தி எடுக்க வந்த நான் முகாமில் எல்லோரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மகளைப் பறிகொடுத்த ஒருவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் எழுந்து போகும்வரை நீங்களும் எழவில்லை. கோயில், பூசை என்று எனக்குப் பெரிய பிடிப்பு எந்த நாளும் இருந்ததில்லை. ஆனாலும் அன்று தொடங்கிய நம் பழக்கம் விட்டுப்போகவில்லை.

பரங்கிப்பேட்டை போகும் வழியில் உங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த காலனி ஒன்று இருந்தது. மாலையில் அங்கே வீடு சந்திக்கப் போவீர்கள். ஓய்வு கிடைத்தால் நானும் உங்கள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வருவேன். வீட்டுக்கு வீடு டீ வரும். லூர்து அக்கா வீட்டில் அது பாகு மாதிரி இருக்கும். "சாமிக்குன்னு சக்கர தூக்கலா போட்டிருக்கேன்" என்று டம்ளரை நீட்டுவார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வீட்டில் யாராவது நோயாய்ப் படுத்திருந்தால் அவர் தலையில் கைவைத்து ஜெபிப்பீர்கள்.

ஒருநாள் திரும்பும் வழியில் கேட்டேன். "ஃபாதர், உங்க உடம்புல ரத்தம் ஓடுதா, கருப்பஞ்சாறு ஓடுதா?"

சிரித்தீர்கள். பிறகு வண்டியை ஓரம் கட்டினீர்கள். "இந்தத் தெருவுக்கு வர்ற ஆபீசருங்க, ஓட்டு கேக்க வர்றவங்க எல்லாம் என்ன சொல்லுவாங்கன்னு நீங்க பாத்திருக்கீங்கல்ல? 'இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்.' கொஞ்சம் படிச்சவரா இருந்தா, 'சுகர் இருக்கும்மா, வேணாம்.' அதுக்கு என்ன அர்த்தம்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். நெசமாவே சுகர் இருக்கற நான் போய் அதையே சொன்னா, எப்படி நம்புவாங்க?"

வண்டியை மறுபடி கிளப்பினீர்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் புயல் அடித்தது. காலனியில் கூரை மிஞ்சிய வீடுகள் கொஞ்சம்தான். பறந்து விழுந்த தகரங்களுக்கு நடுவே வீடு வீடாக நடந்தீர்கள். காலில் ஆணி ஏறியதே உங்களுக்குத் தெரியவில்லை. உணர்ச்சி செத்துப்போயிருந்த கால் அது. காய்ச்சலில் விழுந்த பிறகுதான் சிதம்பரத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். சிறுநீரகமும் பழுதுபட்டிருப்பது அங்கேதான் தெரிந்தது.

விஷயம் காலனிக்கு எட்டியதும் லூர்து அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். அப்போது நானும் கட்டிலருகே இருந்தேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு அவர் அழவில்லை. சண்டை பிடித்தார்.

"எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கு பூசைக்குப் பூசை சொல்றீங்களே, குடிக்காதீங்க, ஆண்டவரு குடுத்த ஒடம்புன்னு. உங்க ஒடம்ப மட்டும் வேற யாராச்சும் குடுத்தாங்களா?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதாம்மா..."

"இப்ப படலியா? ஊத்திக் குடுத்த கை இது. இத வெச்சிக்கினு நான் எப்படி சாமி சிலுவ போடுவேன்?"

கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். அவர் போன பிறகு, சாயங்காலம் சொன்னீர்கள்: "அவுங்களப் பாத்துக்கறது என் வேலைன்னு நெனச்சேன். என்னைப் பாத்துக்க அவுங்களுக்கு ஒரு வழியும் விடலியே சார்."

தவக்காலத்தில், கைத்தடி ஊன்றிக்கொண்டு மறுபடியும் காலனிக்குப் போனீர்கள். லூர்து அக்கா வீட்டில் நாற்காலி போட்டார்கள். அன்று டீ வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. நீங்கள் அவரை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"தண்ணி போதும் சாமி. எங்க ஊட்டு வாசப்படி ஏறி, ஒக்காந்து, எங்க சொம்புல தண்ணி குடிச்ச வெளியாளு நீங்கதான் மொதல்ல. டீ எல்லாம் நாங்களா ஆசப்பட்டு போட்டது."

அவ்வளவுதானா என்பது போல இருந்தது உங்கள் முகம். சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தீர்கள். அன்று அவர்தான் உங்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார். நடுவில் வார்த்தை வராமல் நிறுத்தி, மறுபடி தொடங்கினார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

மழைக்காலம் வரைக்கும்தான் இருந்தீர்கள். அடக்கத்துக்குக் காலனியே வந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் நின்ற லூர்து அக்கா என்னிடம், "முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பவே தண்ணியோட நிறுத்தியிருப்போமே சார்" என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

போன மாதம் தெருமுனையில் எனக்குத் தலை சுற்றியது. எதிர்வீட்டு பாய் பார்த்துவிட்டார். "என்ன சார், மொகமே சரியில்ல? வண்டியில ஏறுங்க, டாக்டர்கிட்ட போயிடலாம்." ஒன்றுமில்லை பாய், வெயில்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன், ஃபாதர். வண்டியில் ஏறி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.