மேல் லயத்துத் தாடிகள்

மாசி 3, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். ரப்பர் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கின்றன. நிழல் இல்லை, நாற்காலியைத் தகரக் கொட்டகை ஓரத்துக்கு மாற்றினேன். மேல் லயத்து வீட்டு வரிசையில் பதினான்கு தலை, ஒன்பது முகம். கத்தி தீட்டும் தோல்வார் அறுந்தது. சிரம்பானில் வாங்க வேண்டும்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் தோட்டத்துச் சங்கக் கூட்டம். அங்கத்தினர் பதினோரு பேர். பெரிய கங்காணி அக்கிராசனர். உப அக்கிராசனர் நாலு பேர், யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாதே. காரியதரிசி, ஆபீசில் கணக்கு எழுதும் எங்கள் கிராணி (இனி கா.த. என்று எழுதுகிறேன், அவர் நீளத்துக்கு மை போதாது). வரும் 24இல் ஆண்டு விழா. சிரம்பானிலிருந்து ஒரு பிரசங்கியார், ஒரு போட்டோக்காரர். அதற்குப் பொருத்தமாக ஒரு தீர்மானம் வேண்டாமா? "இத்தோட்டத்து மக்கள் அனைவரும் ஏற்றத்தாழ்வின்றிச் சமம்." ஏகமனதாக நிறைவேறியது. பலத்த கைதட்டல். நானும் தட்டினேன், நின்றபடி. பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. நாவிதனை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மாசி 4, திங்கள்

கீழ் லயத்து வீரன் வந்தான். நல்ல ரப்பர் பால்வெட்டுக்காரன், வெகுளி. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டியே நின்றான்.

"அண்ணே, எல்லாரும் சமம்னு தீர்மானம் போட்டாங்களாமே. அப்ப எனக்கும் முடி வெட்டுவீங்களா?"

கீழ்ச்சாதி என்று ஒதுக்கி, கீழ் லயத்துத் தலையில் நாங்கள் கத்தி வைப்பதில்லை. அப்பா காலத்து வழக்கம், எங்களோடு கப்பலேறி வந்து இங்கேயும் இறங்கிவிட்டது. மேலே இருப்பவன் என்னை வாடா என்பான், நான் கீழே இருப்பவனை வராதே என்பேன். "பாக்கலாம்" என்றேன். போய்விட்டான்.

ஆபீசுக்குப் போய் கா.த.வைக் கேட்டேன். "தீர்மானம் போட்டீங்களே கிராணி, வெட்டலாங்களா?"

"அது கொள்கைப்பா. அதப் போயி தலையில கொண்டாந்து வைக்கிறியே."

பக்கத்திலேயே கங்காணி. "வெட்டித்தான் பாரேன். அப்புறம் அந்தக் கத்தி எம் மொகத்துல படாது. நீ குடியிருக்கிற வீட்டையும் நெனச்சுக்க."

வீடு அவர் வாய்ச்சொல்லில்தான் நிற்கிறது. உண்மை.

மாசி 5, செவ்வாய்

வெயில். தோல்வாரைத் தைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. வேறொன்றுமில்லை. வீரன் அந்தப் பக்கமாகப் போனான், என்னைப் பார்க்காதது போல. நானும் அப்படியே.

மாசி 6, புதன்

என் வீட்டுக்காரி செல்லம்மாவிடம் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"கீழ் லயத்துல இதுவரைக்கும் மூணு பிள்ள எடுத்திருக்கேன். வீரன் மக, நான் எடுத்ததுதான். எம் முந்தானையிலதான் தொடச்சேன். கை ஒண்ணும் கழண்டு விழல. ஒங்க கத்திக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவள் பிரசவம் பார்க்கிறவள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே அவளைக் கூப்பிடுவார்கள். ஆனால் கீழ் லயத்துக்குப் போனது எனக்குத் தெரியாது. மூன்று முறையும் கோலா சாவாவில் அக்காளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினாள். நானும் அக்காளுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தனுப்பினேன். யார் மென்றார்களோ!

மத்தியானம் வரை கோபம். அப்புறம் கோபம் போய்விட்டது. சங்கம் தீர்மானம் போடுவதற்கு முன்பே என் வீட்டில் காரியம் நடந்திருக்கிறது. அவளை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. சொல்லவில்லை, சொன்னால் ஒரு மாசத்துக்கு அதையே பேசுவாள்.

"வீட்டக் காலி பண்ணச் சொன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"ராசா கடைத்தெருவுல ஒரு நாக்காலி போட எடமில்லையா? அங்கயும் மனுசனுக்கு முடி வளருதுலா."

மாசி 7, வியாழன்

வெட்டிவிட்டேன்.

எல்லோரும் பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டுத் திரும்பும் நேரமாகப் பார்த்தே வீரனை வரச் சொன்னேன். ஒளித்துச் செய்ய நான் என்ன கோழி திருடுகிறேனா? நாற்காலி விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தான். "சாஞ்சு உக்காருப்பா." சாயவில்லை. தலையை மெல்ல முன்னால் சாய்த்துப் பிடித்து வெட்டினேன். பின்மண்டையில் ஒரு பழைய தழும்பு. பதினோரு வருஷம் ஒரே தோட்டத்தில் இருந்தும் இன்றுதான் பார்க்கிறேன். கண்ணாடியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தான்.

வாளியோடு நின்ற பெண்களில் ஒருத்தி: "நாவிதரு துணிஞ்சுட்டாருடி."

நாவிதரு! என் காதில் விழுந்தது, எழுதி வைக்கிறேன்.

மாசி 10, ஞாயிறு

மேல் லயத்திலிருந்து ஒரு தலைகூட வரவில்லை. பகிஷ்காரமாம். இதற்குத் தீர்மானமே போடவில்லை, இருந்தும் ஒரே கட்டுப்பாடு. கீழ் லயத்திலிருந்து ஒன்பது பேர். சிலர் பிள்ளைகளையும் தூக்கி வந்தார்கள்.

ஸ்டோர்ப் பக்கம் காதில் விழுந்தது: "அம்பட்டனுக்குத் திமிரப் பாத்தியா." பார்க்கட்டும். இத்தனை நாள் இல்லாமல் இருந்ததுதான் தப்பு.

வீட்டைப் பற்றிக் கங்காணி இன்னும் வாய் திறக்கவில்லை. செல்லம்மா பழைய பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

மாசி 14, வியாழன்

மேகம். மழை இல்லை. மேல் லயத்துத் தாடி நிலவரம்:

கங்காணி: பாதி வெள்ளை. இவ்வளவு வயசா!

கா.த.: தானே சிரைத்துக்கொண்டார். தாடையில் மூன்று இடத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். என்ன ஆயிற்று என்று துரையே கேட்டாராம்.

உப அக்கிராசனர்கள்: தூரத்திலிருந்து யார் எவரென்று தெரியவில்லை.

மாசி 17, ஞாயிறு

கங்காணி காலை பஸ்ஸில் ராசாவுக்குப் போய்ச் சீனன் கடையில் சிரைத்து வந்துவிட்டார். முகம் பளபளப்பு. எல்லோரும் அங்கேயே போக ஆரம்பித்தால் நான் இருந்தென்ன, போயென்ன?

மாசி 18, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பால் நிறுக்கும் இடம். கங்காணி தாடையைத் தடவிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கப் பேசினார். "ராசாவுல சீனன் என்னமா செரைக்கிறான்! கண்ணாடிக்குப் பக்கத்து நாக்காலி. வழுவழுன்னு ஒரு கத்தி. சுத்தம்னா அது சுத்தம்!"

வீரன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க கங்காணி! ரெண்டு வருசமா நானும் அங்கதான். நடந்து போயிட்டு வர்றதுக்குள்ள ஞாயித்துக்கெழம போயிரும், அதான் அண்ணங்கிட்ட கேட்டேன். அதே நாக்காலிதாங்க. கத்திகூட அதே கத்திதான்."

அவன் கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். கங்காணியின் கை தாடையிலிருந்து மெள்ள இறங்கியது. பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தி பாலைச் சிந்திவிட்டாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

இனி அவர் ராசா பஸ் ஏறினால் தோட்டமே சிரிக்கும்.

மாசி 24, ஞாயிறு

விழா. விடியும்போதே ஒரு தூறல். ஆறு மணிக்கே மேல் லயத்துத் தாடிகள் வரிசையில். ஒருவரும் பகிஷ்காரம் பற்றி மூச்சு விடவில்லை. பத்து மணிக்குப் போட்டோ, முகம் வேண்டுமே. வீரன் இவர்களுக்கெல்லாம் முன்பே வந்தவன், முதலில் அவன் உட்கார்ந்தான்.

கங்காணி வீட்டிலிருந்து ஆள் வந்தது. வழக்கம் போல் வீட்டுக்கே வந்து சிரைத்துவிட வேண்டுமாம்.

"நாக்காலி இங்க இருக்குன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு வீரன் தாடையில் கத்தியை ஓட்டினேன். சற்று நேரத்தில் அவரே வந்தார். வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள், அதுவரை சரி. வீரனுக்குப் பாதி முகம்தான் முடிந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தான், தோளை அழுத்தி உட்கார வைத்தேன். கங்காணி காத்திருந்தார். வானத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

வீரன் எழுந்ததும் கங்காணி தோள்துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டப் போனார்.

"தட்டாதீங்க கங்காணி. இப்பத்தான் ஒரு மனுசன் எந்திரிச்சுப் போனாரு."

துண்டு தோளுக்கே போனது. உட்கார்ந்தார். சோப்புப் போட்டேன். கத்தி கழுத்துக்கு வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "பாத்து, தம்பி."

பதினோரு வருஷமாக டேய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து செல்லம்மாவிடம் இதை இரண்டு முறை சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பின்னதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

என்ன சொல்வது? அவர் எழுந்ததும் துணியை உதறி, "அடுத்த ஆளு வாங்க" என்றேன்.