படத்துக்கு அடியில் தமிழ் எழுத்து

ஏப்ரல் 21, ஞாயிறு

சிவகாசியில் மதியக் காட்சி, புதுப் படம். லாரி வெடிக்கிறது. நாயகன் அசராமல் நடந்து வருகிறான். அரங்கம் முழுக்க விசில். என் வீட்டுக்காரர் பெத்தணன் மட்டும் என் பக்கம் குனிந்து, "இம்புட்டுக் கிட்டத்துல வெடிச்சா எவன் நடப்பான்? புகையப் பாரு, அது மருந்துப் புகையே இல்ல" என்றார். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனோடு படம் பார்க்கப் போனால் இதுதான் கதி. அவருக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான் படம். "அதுலதான் மனுசன் பேசுவான்." எனக்கோ அதெல்லாம் அழுது வடியும். வீடு வரும்வரை வண்டியில் சண்டை.

வந்ததும் என் அறிவியல் நாவலை முடித்தேன். ஒரு கூட்டமே பூமியை விட்டு வேறு கிரகத்துக்குக் குடிபோகிறது. இயந்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், அங்கே சோறு பொங்குவது யார் என்று ஒரு வரி எழுதவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், அவர் கம்பெனியில் வெடி. மருந்து கலக்கும் அறை. அவர் பக்கத்து அறையில் இருந்திருக்கிறார். உயிர் இருக்கிறதாம். நான் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து அப்படியே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன் —

மே 7, செவ்வாய்

கைப்புண் ஆறிவிடும். காதுதான். "உள் நரம்பே போயிருச்சும்மா. மெஷின் வச்சாலும் பெருசாப் பிரயோசனம் இருக்காது" என்றார் டாக்டர். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாரு யோகு?" — அவ்வளவு சத்தமாகக் கேட்பது அவருக்குத் தெரியவில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது. சரியாயிரும் என்று கையைக் காட்டினேன். ஏன் அப்படிக் காட்டினேன்?

மருந்து கலக்கிய சோலையம்மாள் அன்றே போய்விட்டாள். அதையும் சொல்லவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

டிவியில் பழைய படம். சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தேன். யாருக்காகக் கூட்டுவது? அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் அவர் உதடு அசைகிறது. நீதிமன்றக் காட்சி. வசனம் முழுவதும் மனப்பாடம். திரையில் இருப்பவரை முந்திக்கொண்டு போகிறார்.

அழுது வடியும் படம் என்று இன்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசினார்கள். அதனால்தான் மனிதருக்குள் தங்கியிருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

புதுப் படம் போட்டால் எழுந்து போய்விடுகிறார். அடியில் எழுத்து ஓடுகிறது, ஆனால் இங்கிலீஷில். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்கிறார். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்துப் போட வேண்டும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

அச்சகத்துக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்கக் காலண்டருக்கு ராகுகாலம், எமகண்டம் அடிக்கிறேன். படத்து வசனத்தை அடிக்க முடியாதா என்ன.

ஜூலை 21, ஞாயிறு

முதல் படம் முடிந்தது. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நேரம் குறித்து, வரி வரியாக அடித்ததில் கழுத்து கழன்று விழும்போல இருக்கிறது.

அடித்துப் பார்த்தால்தான் ஒரு படத்தின் லட்சணம் தெரியும். இந்த நாயகன் படம் முழுக்கச் சொன்னது 'டேய்', 'வாடா', 'நான் யாருன்னு தெரியுமா'. தெரியவே இல்லை. நாயகிக்குக் கிடைத்த வரிகளில் பாதி 'ஐயோ'. இசையை எடுத்துவிட்டால் இவ்வளவுதானா?

அவர் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். "எழுத்து நல்லாயிருக்கு. படம் குப்பை." எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு படத்தைத் திட்டுகிறார்! அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சிரிப்புப் படம் என்று நம்பி ஒன்றை அடித்தேன். காது கேளாத மாமனாரை வைத்து ஒரு காட்சி. மருமகன் கேட்பது ஒன்று, கிழவர் சொல்லும் பதில் ஒன்று. கடைசியில் மருமகன் கிழவரைத் திட்டும் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் எதுக்குச் சிரிக்காக? எழுத்து வரலயே."

விட்டுப்போச்சு என்று எழுதிக் காட்டினேன். ரிமோட்டை வாங்கினார். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி வாயசைவைப் பார்த்தார்.

"செவிட்டுப் பொணம்ங்கான். அம்புட்டுத்தான?" என்றார். "அவன் சொன்னது வலிக்கல யோகு. நீ மறைச்சதுதான் சுருக்குங்குது. சோலையம்மா செத்ததையும் அடுத்தவன் வந்து கையக் காட்டித்தான் தெரிஞ்சிக்கிட்டேன். பாதி உலகம் எனக்கு மூடிக்கெடக்கு. நீயும் கதவச் சாத்தாத."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். தப்புதான். ஆனால் நான் மட்டும் என்ன செய்வேன்? அச்சகம், ஆஸ்பத்திரி, சமையல், அதற்குமேல் இந்தத் தட்டச்சு. எனக்கு எப்படியிருக்கு என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டாகளா? கேக்கல. ஒருத்தரும் கேக்கல.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவரே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. விட்ட வரியை அடித்துச் சேர்த்தேன், ஓர் எழுத்து மாறாமல். படத்தைப் போட்டுக் காட்டினேன். படித்தார்.

"இதெல்லாம் ஒரு காமெடியா?"

இல்லை என்று தலையாட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே போனார் என்று வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். எண்ணெய்ப் புரோட்டாப் பொட்டலத்தோடு வந்தார். வெடிக்குப் பிறகு தனியாக வெளியே போனது இதுதான் முதல் தடவை. கடையில் எப்படிப் பேசி வாங்கினாரோ. சாப்பிட்டோம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அச்சகத்தில் டைரி சீசன். ஞாயிறும் வேலை. கண் எரிகிறது. படம் அடிக்க நேரமில்லை என்றதும் என் நாவல்களை எடுத்துக்கொண்டார், இத்தனை வருடம் தொட்டுக்கூடப் பார்க்காதவர்.

"புத்தகத்துல மட்டும் நானும் மத்தவுகளும் ஒண்ணு. எவனுக்கும் சத்தம் கேக்காது."

பிறகு, "ஆனா ராக்கெட்டு கெளம்புறதத் தப்பா எழுதியிருக்கான்" என்று ஆரம்பித்தார். விஞ்ஞானம் முக்கியமில்லை, மனிதர்கள்தான் முக்கியம் என்று எழுதிக் கொடுத்தேன். மருந்துக் கணக்கு தப்பினால் மனிதர்களே மிஞ்ச மாட்டார்கள் என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

வீட்டுக்குள் நுழைந்து பையை வைக்கும் முன்பே, "உக்காரு. இன்னிக்கு நான் சொல்றேன்" என்றார். விண்வெளிப் படம் ஒன்றை எழுத்து இல்லாமலே முழுவதும் பார்த்திருக்கிறார்.

"ஒரு பொம்பள. கப்பல்ல ஒத்தையாப் போறா. அங்கன எல்லா வேலையும் அவதான். திருகுறா, முடுக்குறா, ஒரு நிமிசம் உக்காரல. பொறவு சன்னல் ஓரமா அப்படியே தூங்கிருதா. கீழ பூமியில அம்புட்டுப் பேரும் எழுப்பப் பாக்காக. நரைச்ச தாடிக்காரன் ஒருத்தன் மட்டும் கையத் தூக்கி நிப்பாட்டுறான். விடுங்கலே, அவ தூங்கட்டும்ங்கான்."

அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியும். விமர்சனம் படித்திருக்கிறேன். இனி மறைப்பதில்லை. எழுதிக் காட்டினேன்: அவள் தூங்கவில்லை, காற்றுத் தீர்ந்து மயங்கிவிட்டாள். தாடிக்காரர் அதிகாரி. அவள் உடைக்கப் போன விண்கல் பூமியில் விழப்போகிறது, அவர் நிப்பாட்டவில்லை, எழுப்பச் சொல்லித்தான் கத்துகிறார்.

படித்துவிட்டுச் சிரித்தார். "அப்ப நான் பாத்த படந்தான் நல்ல படம்."

ஆமாம். விண்கல்லை உடைக்கும் படங்கள் போதுமான அளவு வந்துவிட்டன.

அக்டோபர் 7, திங்கள்

விழித்தபோது வெயில் கட்டில்மேல் ஏறியிருந்தது. பதறி எழுந்து அச்சகத்துக்குப் போன் போடப் போனேன். என் கைபேசியிலிருந்து முதலாளிக்கு ஏற்கெனவே ஒரு செய்தி போயிருக்கிறது.

'யோகேஸ்வரி தூங்குகிறாள். இன்று வர மாட்டாள். இப்படிக்கு, பெத்தணன்.'