பதினோராம் திகதிப் படங்கள்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
மார்ச் 2

அன்பு மகள் கீர்த்தனிக்கு,

நீ நோர்வேயில் சுகமாக இருப்பது உன் மின்னஞ்சலிலிருந்து தெரிந்தது. என் சுகத்தை நீ கேட்கவில்லை. ஆனாலும் கடித முறைக்காக எழுதுகிறேன், கோணேசர் அருளால் இருக்கிறேன்.

பின்வளவு வாய்க்கால் ஓரத்தில் உன் பூனை ஆராய்ச்சிக்கென்று நீ கட்டிவிட்டுப் போன கமரா ஒழுங்காக வேலை செய்கிறது. பூனை தண்ணீருக்குப் பயம் என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான்; இந்த மீன்பிடிப் பூனையோ தலையைத் தண்ணீருக்குள் விட்டு மீனைக் கவ்வுகிறது. அடுத்த வீட்டு றம்லா முதலில் கண்ட அன்று, "ரீச்சர், உங்கட வளவுக்குள்ள சிறுத்தை நிக்குது, இனி நான் அங்கால வரமாட்டன்" என்று மதிலுக்கு மேலால் கத்தினாள். மறுநாளே மீன்தலையோடு வந்து நின்றாள்.

பற்றரி மாற்ற வந்த ரிஷாத், உன்னோடு படித்தவன்தானே, நேற்று உன் மின்னஞ்சலை வாசித்துக் காட்டினான். பெப்ரவரி பதினோராம் திகதி காலை ஐந்து ஐம்பதுக்குத் தாய்ப்பூனை இரண்டு குட்டிகளோடு வந்ததாம், உன் ஆராய்ச்சிக்கு அது பெரிய விசயமாம், குட்டிகள் மிரளுமாதலால் கொஞ்ச நாளைக்கு நான் காலையில் அந்தப் பக்கம் போகவேண்டாமாம். போகவில்லை. போகவும் ஏலாது. அதே காலை, பூனை போய் இருபது நிமிடத்தில், செவ்வரத்தம்பூ பறிக்கப் போய் ஈரக்கல்லில் வழுக்கி விழுந்தேன். இடது கணுக்கால் எலும்பு வெடித்துவிட்டது. றம்லாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கமராவின் சின்னச் சிவப்பு விளக்கு என்னைப் பார்த்து மின்னியது. படங்கள் உடனுக்குடன் உனக்கு வரும் என்று நீதானே சொன்னாய். நீ பார்க்கிறாய் என்று நினைத்துச் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, வீட்டுக்குள் தொலைபேசி அடிக்கிறதா என்று காது கொடுத்தபடி ஏழரை மணிவரை கிடந்தேன். கடைசியில் றம்லாதான் கண்டு ஓடிவந்து, "ஏன் ரீச்சர் கூப்பிடல்ல, நான் என்ன மௌத்தாப் போயிட்டனா" என்று ஏசி ஏசித் தூக்கினாள்.

உனக்குத் தெரியும் என்றே கிட்டத்தட்ட மூன்று வாரம் பேசாமலிருந்தேன். நேற்று ரிஷாத்திடம் கேட்டேன். "அன்ரி, ஆக்கள் வாற படங்களைக் கொம்பியூட்டர் தானாக் கழிச்சுப் போடும், ஒருத்தரும் பாக்கிறேல்லை, அது உங்கட மானத்துக்கு நல்லதுதானே" என்றான். நல்லதுதான். உடம்புப் புள்ளிகளை வைத்து இந்தப் பூனை வேறு அந்தப் பூனை வேறு என்று பிரித்தறிகிற இயந்திரத்துக்கு, மனிதரில் மட்டும் இன்னார் என்று இல்லை.

கமராவைக் கழற்றச் சொல்லமாட்டேன். வாய்க்காலை மண் போட்டு மூடச் சம்மதம் கேட்டு வந்தவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அந்தப் பிராணி என்ன குற்றம் செய்தது? கழித்த படங்கள் மூன்று மாதம் இருக்குமாம். பதினோராம் திகதி, ஆறு பத்திலிருந்து ஏழரை வரை உள்ளதை ஒருமுறை நீயே பார். பார்த்தபின் கழித்துவிடு.

விழுந்தால் தூக்க ஆளிருக்கிற இடத்தில் நீ என்றும் நலமாக வாழ வேண்டுகிறேன். பனியில் சப்பாத்துக் கவனம்.

இப்படிக்கு,
அம்மா,
புஸ்பராணி இராசையா

பி.கு.: குசினி யன்னலால் இன்று காலையும் பார்த்தேன். குட்டிகள் இரண்டும் சுகம்.